கப்பல் ஏறுமுன்: கோட்டைக்குப்பத்துக் குறிப்புகள்

அக்காவும் மாமாவும் கப்பலில் போய்வர ஆசைப்படுகிறார்கள். மாமா பணி ஓய்வு பெற்றாயிற்று. அக்கா இதுவரை கடலைக் கரையில் நின்று பார்த்தவள், அவ்வளவுதான். எந்த மாதம் போகலாம், எந்த அறை எடுக்கலாம், கையில் எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்புகள். எழுதுவது பழவேற்காட்டு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில். புதுச்சேரியை அடுத்து ஏறக்குறைய இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. இது பொன்னேரி தாண்டி வரும் மீனவர் ஊர். டச்சுக்காரர்கள் 1613-இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டை நின்ற இடத்துக்குப் பக்கம்.

உல்லாசக் கப்பலைப் பற்றி எழுத இந்த ஊர் எதற்கு? இங்கே தண்ணீரில் இறங்குகிறவர்கள் அதற்கு முன் கரையில் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறார்கள். காற்றைப் பார்க்கிறார்கள், தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறார்கள், முகத்துவாரத்துப் பக்கம் அலை எப்படி உடைகிறது என்று பார்க்கிறார்கள். சில நாள் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். தண்ணீரின் மேல் கிடைக்கும் நிம்மதி கரையிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பதினோரு தளம் உள்ள கப்பலுக்கும் அது பொருந்தும்.

*

முதலில் மாதம்.

வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், எந்த மாதம் கடல் நல்லது என்று கேட்டேன். "மாசத்த கேக்காத தம்பி, காத்தக் கேளு" என்றார். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் எப்படி மாறும் என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். அவர் காற்றில் சொன்னதை நான் அக்காவுக்காக மாதமாக மாற்றிக்கொள்கிறேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கலக்கிவிடும். மும்பை, கோவா, கொச்சி என்று ஓடும் கப்பல் அந்த மாதங்களில் அங்கே சுகப்படாது. கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் அந்தப் பருவத்தில் சென்னைக்கு வந்தது அதனால்தான். 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் கொடியசைக்க, அது சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல்முறையாகப் புறப்பட்டது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நிலைமை தலைகீழ்: வங்காள விரிகுடாவுக்குப் புயல் காலம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னை அருகே கரையைக் கடந்ததை இந்தக் கரை முழுவதும் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் புயல் வருவதுண்டு.

ஆகவே சென்னையிலிருந்து ஏறுவதானால் ஜூலை, ஆகஸ்டு. மேற்குக் கரையிலிருந்து ஏறுவதானால் டிசம்பர் பாதிக்குமேல் பிப்ரவரி வரை. கந்தசஷ்டிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் இடையில் மலிவாக டிக்கெட் கிடைக்கிறதென்று சென்னையில் ஏற வேண்டாம். மலிவுக்கு அங்கே காரணம் இருக்கும்.

புறப்படும் வாரத்தில் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைத் தினமும் பாருங்கள். ஹைதராபாதில் இருக்கும் இந்தியக் கடல் தகவல் சேவை மையம் அலையின் உயரத்தை நாள்வாரியாகச் சொல்கிறது. மீனவர்களுக்காகத் தொடங்கிய அந்தச் சேவையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கப்பலின் விளம்பரப் படத்தைப் பார்க்கும் அதே கண்ணால் அதையும் பார்க்க வேண்டும்.

*

கப்பல் போகாமல் போகலாம். போன கப்பல் சொன்ன ஊரில் நிற்காமல் திரும்பலாம். டிக்கெட் எடுக்கும்போதே மனத்தை இதற்குத் தயார்செய்துகொள்வது நல்லது.

2022-இல் எம்ப்ரஸின் பயணத்திட்டத்தில் புதுச்சேரியும் இருந்தது. அரசின் அனுமதி கிடைக்காததால் பயணிகள் அங்கே இறங்கவில்லை. 2025 ஜூலையில்தான் இறங்கினார்கள். அப்போதும் கப்பல் தள்ளி ஆழத்தில் நின்றது. சிறு படகுகளில்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இதில் மாமா கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு துறைமுகத்தில் கப்பல் கரையோடு அணைந்து நிற்குமா, நடுக்கடலில் நின்று படகில் இறக்குவார்களா என்று முன்பே கேளுங்கள். மூட்டுவலிக்காரர் ஆடும் படகுக்குள் காலை வைத்து இறங்குவது சாதாரணம் இல்லை. அன்று அலை பெரிதாக இருந்தால் இறங்காமலே இருந்துவிடலாம். எல்லாரும் இறங்கிப்போன கப்பலின் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது ஊர் பார்ப்பதற்குக் குறைந்ததில்லை.

ரத்து விதியை எழுத்துக்கு எழுத்து படிக்க வேண்டும். எத்தனை நாளுக்கு முன் சொன்னால் எவ்வளவு திரும்பும், கப்பல் தானாகவே ஊரை மாற்றினால் என்ன தருவார்கள் என்ற இரண்டும் முக்கியம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் வழியை மாற்றும் உரிமை கப்பலிடம் இருக்கிறது. அது நியாயமும்கூட. மாலுமிக்கு அந்த உரிமை இல்லாத கப்பலில் நான் அக்காவை ஏற்றமாட்டேன்.

*

பாடு.

இந்த ஏரியில் இறால் பிடிக்கும் நல்ல இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கின்றன. அங்கே கம்பு நட்டுச் சுத்து வலை கட்டும் உரிமை கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் என்ற மூன்று ஊர்ப் பட்டினவ மீனவர்களுடையது. அந்த உரிமையிலும் அவரவர் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. யார், எந்த நாள், எந்த இடம் என்பது முறைவைத்து வரும். சீட்டுப் போட்டு வரிசை பிடித்து, ஊர் கூடி ஒப்புக்கொண்டது. அதைத்தான் பாடு என்கிறார்கள். நல்ல இடம் இன்று உனக்கு வந்தால் நாளை அடுத்தவனுக்கு. தலைமுறை தலைமுறையாக இது நடந்துவருகிறது. மற்ற சமூகத்தார், பிற தொழிலிலிருந்து மீன்பிடிக்கு வந்தவர்கள் இந்த வரிசைக்கு வெளியே நிற்கிறார்கள் என்ற மனக்குறையும் ஏரியைச் சுற்றி உண்டு. முகத்துவாரம் மண்ணடைத்து மீன் குறையும் ஆண்டுகளில் அது சண்டையாகவும் ஆகிறது. குறையில்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். ஆனாலும் தன் முறை வராத நாளில் ஒரு மனிதன் கரையில் எப்படி இருக்கிறான் என்பதை இங்கே பார்க்க முடிகிறது. அவன் வலையைச் சரிபார்க்கிறான். படகின் அடியைச் சுரண்டுகிறான். பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போகிறான். நல்ல இடத்தில் இன்னொருவன் இறால் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் செய்கிறான்.

கப்பலில் போகிறவர்களுக்கு இந்தப் பொறுமை மிகவும் தேவை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே இடத்தில் சாப்பிடுகிறார்கள், ஒரே குளத்தில் குளிக்கிறார்கள், ஒரே மாலையில் ஒரே மேடையைப் பார்க்க வருகிறார்கள். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் அனுபவித்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள் இரண்டாம் நாள் களைத்துவிடுகிறார்கள். அக்கா, ஒரு நாளுக்கு ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காலைச் சாப்பாட்டுக்குக் கூட்டம் சேருமுன் போய்விடுங்கள். அல்லது கூட்டம் கலைந்தபின். நடுவில் உள்ள நேரத்தை வெறுமையாக விடுங்கள். எதையும் திட்டமிடாத ஓர் அரைநாளாவது வேண்டும்.

*

அறை எங்கே?

பெரியவர்களைப் படகில் ஏற்றும்போது இங்கே நடுவில்தான் உட்காரவைக்கிறார்கள், அடித்தட்டில். முனையில் உட்கார்ந்தால் தூக்கித் தூக்கிப் போடும் என்பது எல்லாருக்கும் தெரியும். கப்பலிலும் அதே கணக்கு. அலையில் முன்பக்கமும் பின்பக்கமும் ஏறி இறங்கும். நடுப்பகுதி குறைவாக அசையும். மேலே போகப்போகப் பக்கவாட்டு ஆட்டம் கூடும். எனவே நீளவாக்கில் நடுவில், உயரத்தில் கீழே. பால்கனி உள்ள மேல்தளத்து அறை விலையும் கூடுதல், ஆட்டமும் கூடுதல். முதல்முறை போகிறவர்களுக்கு ஜன்னல் உள்ள கீழ்த்தளத்து அறை போதும். ஜன்னலே இல்லாத உள்ளறை இன்னும் மலிவு. ஆனால் விடிந்ததா இல்லையா என்று தெரியாத அறையில் அக்காவால் தூங்க முடியாது. தளப்படத்தை வாங்கிப் பாருங்கள். அறைக்கு நேர் மேலேயோ கீழேயோ ஆடல் அரங்கமோ சமையற்கட்டோ இருந்தால் வேறு அறை கேளுங்கள்.

எம்ப்ரஸ் 1990-இல் பிரான்சில் கட்டி முடிக்கப்பட்ட கப்பல். நீளம் ஏறக்குறைய 210 மீட்டர். மொத்தக் கொள்ளளவு 48,000 டன்னுக்கு மேல். உலகில் இன்று ஓடும் பெரிய உல்லாசக் கப்பல்கள் இதைப்போல் ஐந்து மடங்கு. பெரிய கப்பல் குறைவாக ஆடும் என்பது உண்மைதான். ஆனால் கடலைப் பார்க்க வேண்டுமானால் சிறியதே மேல். பெரியதில் கடைத்தெருவுக்குள் நடந்துகொண்டிருப்போம். தண்ணீர் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியிருக்கும்.

*

குமட்டலுக்கு: வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, நிறையவும் கூடாது. மாத்திரையைக் குமட்டல் வந்தபின் போட்டால் பயன் குறைவு, ஆடத் தொடங்குமுன் போட வேண்டும். எந்த மாத்திரை என்பதை மாமாவின் மருத்துவர் சொல்லட்டும். அவருக்கு ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மருந்து ஓடுகிறது. தலை சுற்றினால் அறைக்குள் போய்ப் படுக்காமல் மேலே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். கைபேசித் திரையைப் பார்க்கவே வேண்டாம்.

கடல் உடம்புக்கு ஒத்துவருமா என்று முதலில் தெரிந்துகொள்ள நினைத்தால், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடும் பயணிகள் கப்பல் இருக்கிறது. ஏறத்தாழ நான்கு மணி நேரம். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, பருவமழை நெருங்கியதும் சில நாளிலேயே நின்று, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அதில் விருந்தும் கிடையாது, ஆடல்பாடலும் கிடையாது. யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேரலாம். என்னைக் கேட்டால் முதல் கடற்பயணமாக அதையே சொல்வேன்.

*

2011 டிசம்பர் 25.

கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்க உறவுகளோடு பழவேற்காட்டுக்கு வந்தவர்கள் ஒரு மீன்பிடிப் படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். உயிர்காப்புச் சட்டை யாரிடமும் இல்லை. இந்த ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான் என்று கேட்பவர்களுக்கு நம்ப முடிவதில்லை. ஆழம் குறைவென்பதால் ஆபத்தும் குறைவென்று நினைக்கிறோம். முகத்துவாரத்தை நெருங்க நெருங்க ஏரி வேறு, கடல் வேறு என்பது இல்லாமல் போகிறது. ஓதம் வற்றும்போது தண்ணீர் கடலுக்குள் இழுக்கும் வேகத்தைக் கரையில் நிற்பவன் அறியமாட்டான்.

அதன்பின் சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றுவதற்கு மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, "ஒரு ரவுண்டு போய்வரலாமா" என்று காசை நீட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்லும் மீனவருக்கு அன்றைய வருமானம் போகிறது. ஆம் என்று சொல்பவருக்குப் போகக்கூடியது அதைவிடப் பெரியது. தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்பதே அவரை ஒரு தவறான முடிவின் பக்கம் தள்ளுகிறது. படகில் போயே ஆக வேண்டுமென்றால் முட்டுக்காட்டிலும் பிச்சாவரத்திலும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறைகள் இருக்கின்றன. சட்டை மாட்டி, ஆளை எண்ணி ஏற்றுவார்கள்.

இதை எழுதும்போது ஒரு பெண் தலையில் கூடையோடு நடந்துபோகிறாள். அந்த நாளைப் பற்றி இந்த ஊரில் நானாக யாரிடமும் கேட்கவில்லை.

*

மேலே எழுதியதால்தான் அடுத்ததை அழுத்திச் சொல்கிறேன்.

கப்பலில் ஏறியதும், புறப்படுமுன், அபாயப் பயிற்சி நடக்கும். ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் எந்தத் தளத்தில், எந்த இடத்தில் கூட வேண்டும், உயிர்காப்புச் சட்டையை எப்படிக் கட்ட வேண்டும் என்று காட்டுவார்கள். அந்த நேரத்தில் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்களே அதிகம். டைட்டானிக் 1912-இல் மூழ்கியபின், 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் உலக ஒப்பந்தம் எழுதப்பட்டது. நூறு ஆண்டு கழித்து, 2012 ஜனவரி 13 அன்று, இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பலருக்கு இன்னும் பயிற்சி நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போது விதி இருந்தது. அதற்குப் பிறகுதான், புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள். நம் நேரத்தில் அரைமணியைக் கேட்கும் இந்தப் பயிற்சிக்குப் பின்னால் இவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

பயிற்சி முடிந்தபின் அறையிலிருந்து அந்த இடத்துக்கு லிப்ட் இல்லாமல் ஒருமுறை நடந்து பாருங்கள். வழியில் எத்தனை கதவு என்று எண்ணிக்கொள்ளுங்கள். இருட்டில் உதவும்.

*

கோட்டையின் பக்கம் நடந்தேன். கோட்டையாக இப்போது எதுவும் நிற்கவில்லை, மண்மேடும் புதரும். டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே, பெரிய எழுத்தில் செதுக்கிய கற்களின் கீழ், கடல் தாண்டி வந்து ஊர் திரும்பாதவர்கள். இங்கிருந்து துணி ஏறிப் படேவியாவுக்குப் போனது. பதினேழாம் நூற்றாண்டில் மனிதர்களும் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கல் இல்லை.

கடற்பயணம் இன்பமானது என்பது மிகப் புதிய எண்ணம். நம் மக்களுக்கு இன்னும் புதியது. 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜுலா கப்பலில் நம் முன்னோர் டெக்கில் பாய் விரித்துப் போனார்கள். தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. பின்னர் சிதம்பரம் கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்ததோடு அந்த வழி முடிந்தது. தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர், கடை வைக்கப் போனவர், கணவனைத் தேடிப் போனவள் என்று அந்தப் பலகைகளில் படுத்திருந்த எல்லாரும் வேறு வழியில்லாமல் போனவர்கள். அக்கா, நீ காசு கொடுத்து, போக வேண்டிய எந்த அவசியமும் இல்லாமல், அதே தண்ணீரில் போகப்போகிறாய். அதை அனுபவிக்க வெட்கப்பட வேண்டாம். மேல்தளத்தில் ஓர் இரவு அவர்களை நினைத்துக்கொள்.

அவசியமில்லாமல் படகேறும் இன்பம் நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. பாரதிதாசன் 1934-இல் நண்பர்களோடு பக்கிங்காம் கால்வாயில் படகில் மாமல்லபுரம் போய், அதை 'மாவலிபுரச் செலவு' என்று கவிதையாக்கினார். அந்தக் கால்வாயின் வடக்குப் பகுதி இந்தப் பழவேற்காட்டு ஏரியைத் தொட்டுத்தான் ஆந்திரத்துக்குப் போகிறது. ஒரு காலத்தில் நெல்லும் உப்பும் விறகும் இதில் போயின. இன்று பல இடங்களில் தூர்ந்துகிடக்கிறது. அதில் மெதுவாகப் போகும் ஒரு படகுப் பயணத்தை மீட்டுத்தந்தால் எந்த உல்லாசக் கப்பலையும்விட அது எனக்குப் பெரிது.

*

சில்லறைக் காரியங்கள், ஆனால் இவற்றில்தான் பயணம் கெடுகிறது.

டிக்கெட் விலை முழு விலை இல்லை. துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர் அன்பளிப்பு, கரையில் சுற்றிக்காட்டும் செலவு, இணையம் எல்லாம் தனி. "எல்லாம் சேர்த்துக் கையைவிட்டுப் போவது எவ்வளவு" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் கைபேசியை விமானநிலைக்கு மாற்றிவிடுங்கள். கப்பலுக்குள் இருக்கும் கடல் நெட்வொர்க்கில் போன் தானாகப் பற்றிக்கொண்டால் வீட்டுக்கு வந்தபின் பில் வரும்.

வெளிநாட்டுத் துறைமுகம் இருந்தால் பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்கட்டும். இலங்கையில் நுழையும் விதி அவ்வப்போது மாறுகிறது. போகும் மாதத்தில் அந்த நாட்டின் அரசுத் தளத்திலேயே பாருங்கள், முகவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். காப்பீடு எடுக்கும்போது, கப்பலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுவரும் செலவு அதில் அடங்குமா என்று கேளுங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், பெரிய மருத்துவமனை இருக்காது.

ஏறும்போது பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு அது வந்துசேர மாலையாகலாம். மாத்திரை, கண்ணாடி, ஒரு மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆயிரம் பேர் ஒரே கரண்டியைத் தொடும் இடம். வயிற்றுப்போக்கு ஒருவருக்கு வந்தால் கப்பல் முழுவதும் பரவும்.

கரையில் இறங்கினால், திரும்ப ஏற வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். கப்பல் காத்திருக்காது. இந்த ஏரியில் ஓதம் காத்திருப்பதில்லை. தண்ணீர் வற்றும் நேரம் தப்பினால் அன்றைய பாடு போயிற்று. அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்திட்டத்தின் நகல் ஒன்று வீட்டில் யாரிடமாவது இருக்கட்டும். எந்த நாள் எந்த ஊர், எப்போது திரும்புவது என்று. இங்கே கடலுக்குப் போகிறவர்கள் எந்தத் திசைக்குப் போகிறார்கள் என்று வீட்டுக்குத் தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குள் போக வேண்டாமென்று அறிவிப்பு வரும்போது, யார் வெளியே இருக்கிறார்கள் என்பது கரையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருக்கும்.

*

பூநாரைகள். நவம்பருக்குப் பின் ஏரிக்கு வருகின்றன. கோட்டைக்குப்பத்தில் நின்றால் தொலைவில் ஒரு வெளிர் கோடுதான். தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் கால்கள் தெரிகின்றன. அருகே போய்ப் பார்க்க முன்பு படகு ஓட்டியிருக்கிறார்கள். படகு நெருங்கினால் கூட்டமாக எழும்பும், அதைப் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அவற்றின் மேய்ச்சல் கெடுகிறது. அவ்வளவு தொலைவு பறந்து வந்தது சாப்பிடத்தான்.

கப்பலிலும் அப்படி ஓர் ஆசை வரும், எதையாவது நெருங்கிப் பார்த்துவிட வேண்டும் என்று. கடலில் பெரும்பாலான நேரம் பார்க்க எதுவும் இருக்காது. தண்ணீர், வானம், ஒரு மீன்பிடிப் படகு, எப்போதாவது ஓங்கில் (டால்பின்) கூட்டம். முதல் நாள் அது சலிப்பாக இருக்கும். சலிப்பு வரும்போது உடனே எழுந்து வேறெங்கும் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால், கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் நிற வேறுபாடு தெரியத் தொடங்கும். நீரோட்டம் சந்திக்கும் கோடு தெரியும். காற்று எந்தப் பக்கம் என்று கன்னம் சொல்லும். அந்தப் பெரியவர் வாழ்நாளெல்லாம் கற்றதில் ஒரு துளி. அதற்காகப் போகலாம் என்றே நான் அக்காவிடம் சொல்வேன். விருந்துக்காக என்றால் சென்னையிலேயே நல்ல ஓட்டல்கள் இருக்கின்றன.

விடிவதற்குமுன் ஒருமுறை மேல்தளத்துக்குப் போங்கள். சென்னையிலிருந்து வடக்கே போகும் கப்பலானால், இடப்புறம் தொலைவில் எங்கோ எங்கள் பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கம் இருக்கும். கண்ணுக்கு எட்டாவிட்டாலும் பரவாயில்லை. நடுவில் சின்னச் சின்ன வெளிச்சங்கள் தெரிந்தால் அவை வலை போட்டிருப்பவர்களின் விளக்குகள். கையில் இருக்கும் பிளாஸ்டிக் கோப்பையைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் கொட்டுவதை உலக ஒப்பந்தம் முற்றிலும் தடுத்திருக்கிறது. பயணியின் கைக்கும் அது பொருந்தும். இங்கே வலையை இழுக்கும்போது மீனோடு பிளாஸ்டிக்கும் வருவதை நான் பார்த்தேன்.

*

கடைசியாக, கப்பலில் வேலை செய்கிறவர்கள்.

உங்கள் அறையைச் சுத்தம் செய்பவர், தட்டை எடுப்பவர் எல்லாரும் பல மாத ஒப்பந்தத்தில் வீட்டை விட்டு வந்தவர்கள். கடல்சார் உழைப்பாளர் பற்றிய 2006-ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கை அவர்களுக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்கிறது. அதாவது, 14 மணி நேரம்வரை வேலை வாங்கினாலும் சட்டத்துக்கு உட்பட்டதுதான். கடலைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எந்த ஊர் என்று கேளுங்கள். நம் கடற்கரைப் பையன்களும் இருக்கலாம். இங்கேயே ஒரு வீட்டில், மீன் குறைந்துபோனதால் மகனைக் கப்பல் வேலைக்கு அனுப்பலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அன்பளிப்பை பில்லில் சேர்த்துவிட்டார்கள் என்று விட்டுவிடாமல், நன்றாகக் கவனித்தவருக்குக் கையிலும் கொடுங்கள்.

இறங்கும் நாளில் சொன்ன நேரத்துக்கு அறையைக் காலி செய்துவிடுங்கள், மாமா. காலையில் நீங்கள் இறங்கினால் மாலையில் அடுத்தவர்கள் ஏறுகிறார்கள். அந்தச் சில மணி நேரத்துக்குள் கப்பலின் எல்லா அறையையும் அவர்கள் தயார்செய்தாக வேண்டும். முந்தின இரவே பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, மாத்திரைப் பையை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.